காவடி விரதம் இருந்த கோழிகள்

கொட்டகை நிறையக் கோழிகளுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டி, முறைப்படி காவடி விரதம் வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் மொரீஷியஸில் கான் தெ மாஸ்க் என்கிற கிராமத்தில், எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். வேறு யாராவது இப்படிச் செய்து நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள். படிக்கிறேன், ஆனால் நம்ப மாட்டேன்.

ஊருக்கு அவர் கோழி முசே. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். தபால்காரர்கூட வாசலில் நின்று 'கோழி முசே' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் காரைக்காலிலும் பெரிய மனிதர்களை முசே என்று சொல்வதுண்டு என்பதால், கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன புதிதில் யாரோ பெரிய உத்தியோகஸ்தர் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்று நினைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு கோழியின் இரைப்பையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டுதான் அவருக்கு முசே பட்டம் வாங்கிக் கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வெள்ளைக் கறிக்கோழிக் குஞ்சுகள் விமானத்தில் வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம் அது. முதல் தடவை குஞ்சு வந்தபோது, பிளேசான்ஸ் விமான நிலையத்துக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பூச்செண்டோடு போய் நின்றாராம். சம்பந்தி வீட்டாரை அழைக்கப் போனவர்கூட அவ்வளவு மரியாதையாக நின்றிருக்க மாட்டார். அதிலிருந்து ஒவ்வொரு தடவை குஞ்சு வரும்போதும் அந்தக் கோட்டுதான்.

"தங்காச்சி, கெத் சா! பாரு, பாரு!" என்று ஒரு குஞ்சை வேலிக்கு மேலே தூக்கிக் காட்டுவார். "இது சாதா கோழி இல்ல. ப்ளேன்ல வந்த கோழி. உன் புருஷன் இன்னும் ப்ளேன்ல ஏறல!"

ஊரில் எல்லோரும் பேசுவது கிரியோல். கோயிலில் தேவாரம் பாடுகிறவர்கள்கூட வாசலில் செருப்பைப் போடும்போது கிரியோலுக்கு மாறிவிடுவார்கள். கோழி முசே மட்டும், "நீ லேந்த்ல இருந்து வந்த பொண்ணு, உன்கிட்ட நான் தமிழ்லதான் பேசுவேன்" என்று சபதம் எடுத்திருந்தார். லேந்த் என்றால் இந்தியா. இருக்கிற தமிழை வைத்துக்கொண்டு, இல்லாத இடத்தில் கிரியோலைச் செருகி, கூச்சமே இல்லாமல் பேசுவார். கோழிகளோடு மட்டும் பிரெஞ்சு. கேட்டால், "அதுங்க வெளியூரு. தமிழ் புரியாது, பாவம்" என்பார்.

நான் பரம்பரைச் சைவம். முட்டை உடைந்த சத்தம் கேட்டால்கூட எனக்குக் குமட்டும். அவர் வேலிப் பக்கம் கை வைத்தாலே போய்க் கையைக் கழுவுவேன். ஒரு இறகு பறந்து வந்து கொடியில் காய்கிற புடவையில் ஒட்டினால் புடவை மறுபடி தண்ணீருக்குள் போகும். அவருக்கு இது பெரிய வேடிக்கை. காலையில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டார். "கை கழுவியாச்சா தங்காச்சி?" என்றுதான் கேட்பார். என் வீட்டுக்காரர் பக்கத்து டவுனான பிளாக்குக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் எனக்காகச் சைவமாகிவிட்டார் என்று ஊரே நம்பியது. வேலிக்குப் பின்னால் கோழி முசே வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தீவனத்தில் அவர் செய்யாத பரீட்சை கிடையாது. எதைப் போட்டாலும் முதலில் ஒரு சிட்டிகை தன் வாயில் போட்டுச் சப்பிப் பார்ப்பார். "நான் தின்னாததை விருந்தாளிக்குப் போடறதா?" என்பார். ஒருமுறை சளி பிடிக்கக்கூடாது என்று பூண்டு அரைத்துப் போட்டார். கொட்டகை முழுக்க ஊறுகாய் வாசம். இன்னொரு முறை, ஆலையில் சர்க்கரை காய்ச்சி மிஞ்சிய கழிவுப்பாகை ஒரு பீப்பாய் வாங்கி வந்து தீவனத்தில் தாராளமாகக் கலந்துவிட்டார். கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இனிப்பு எதையும் வளர்க்கும் என்கிற நம்பிக்கை. மறுநாள் கோழிகளின் வயிறு கழன்று கொட்டகைத் தரை அல்வாவாகிவிட்டது. அந்த நாற்றத்தில் நான் இரண்டு வேளை சமைக்கவே இல்லை. வேலியருகே போய்ச் சத்தம் போட்டேன்.

"அண்ணே! இது வீடா, என்னது? மனுஷி இங்கே குடியிருக்க வேண்டாமா?"

"என்ன செய்யறது தங்காச்சி? கோழிக்கு டயபெட், சக்கரை வியாதி வந்துடுச்சுபோல" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஊரே தன் மானத்தை ஒப்படைத்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. அந்த ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயியில் கலவரம். அண்ணன் தம்பியாய் இருந்த ஜனங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு வேறு வேறு பேட்டைக்குப் போனார்கள். எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் சாயங்காலமானால் எல்லோரும் சீக்கிரமே கதவைச் சாத்தினார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள்: சுதந்திரம் வருகிற அன்று ஊர் முழுக்க ஒரே பந்தலில், ஒரே தேக்கில் சமைத்த பிரியாணியைச் சாப்பிட வேண்டும். தேக் என்பது ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற பெரிய செம்பு அண்டா. மாடு இந்துவுக்கு ஆகாது, பன்றி முஸ்லிமுக்கு ஆகாது. எல்லா மதத்துக்கும் பொதுவாய் ஆண்டவன் படைத்தது கோழி ஒன்றுதான். அப்போது கோழி முசே கொட்டகையில் புதிதாக வந்து இறங்கியிருந்த குஞ்சுகள், அந்த நாளுக்குச் சரியாகக் கறிப் பருவத்துக்கு வரும்.

சமையல் காசிம் பாய். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் பிரியாணிக்கு அவர்தான். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"நான் கையில தூக்கிப் பார்ப்பேன். கனம் இருந்தா ஒரே தேக். சின்னக் கோழின்னா தேக்குல கரைஞ்சு எலும்புதான் மிஞ்சும். அப்புறம் அவங்கவங்க வீட்டுல சமைச்சு அவங்கவங்க சாப்பிடுங்க. எனக்குக் கெட்ட பேரு வேணாம்."

'அவங்கவங்க வீட்டுல' என்ற வார்த்தையைக் கேட்டுப் பெரியவர்கள் முகம் வாடியது. அவரவர் வீட்டில் சமைப்பதற்கு எதற்குச் சுதந்திரம்? கோழி முசே எழுந்து நின்றார். கோட்டு அன்றைக்கும் போட்டிருந்தார். "ஒவ்வொரு கோழியும் கன்னுக்குட்டி மாதிரி வரும். முருகன் மேல சத்தியம்!" என்றார். சொன்ன வாக்கு நிறைவேறத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாகவும் அங்கேயே வேண்டிக்கொண்டார்.

வேண்டுதல்தான் வினையாகப் போயிற்று. காவடி எடுப்பவர் வீட்டில் விரத நாட்களில் மீனோ இறைச்சியோ இருக்கக்கூடாது. பாத்திரத்தைக்கூடப் புளி போட்டுத் தேய்த்துப் புதிதாக்குவார்கள். தைப்பூசத்துக்குக் கோயிலில் கொடியேறின அன்று காலையில் அவர் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கோழித் தீவனத்தில் கலக்கிற மீன் தூள் மூட்டை கண்ணில் பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காசிம் பாய் வீட்டில் வைத்துவிட்டு வந்து, கோழிகளுக்குச் சூடம் காட்டினார். அன்றிலிருந்து வெறும் மக்காச்சோளம்.

"அண்ணே, கோழிக்கு ஏது விரதம்?" என்றேன்.

"என் வீட்டு முத்தத்துல இருக்கறவங்க எல்லாம் என் குடும்பம். குடும்பமே கரேம் இருக்கறப்போ ஒருத்தன் மட்டும் மீன் தின்னா முருகன் என்ன நெனைப்பாரு?" கரேம் என்றால் அவர்கள் வழக்கில் விரதம்.

நான் சைவக்காரி. இதற்கு எதிராக நான் என்ன பேச முடியும்? உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். கொட்டகையே சைவமாகிவிட்டது, இனி நாற்றம் குறையும் என்று கணக்குப் போட்டேன்.

சில நாள்தான். கொட்டகையில் ஒரே ரகளை. குஞ்சுகள் விடிந்தது முதல் அடைகிற வரை தின்றன. தின்றுவிட்டு ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கின. வாயைத் திறந்துகொண்டு இரைத்தன. வயிறு மட்டும் தொளதொளவென்று தொங்கியது, மார்பெலும்பு கத்தி முனையாய்த் துருத்திக்கொண்டு நின்றது. காசிம் பாய் எதேச்சையாக வந்தவர் ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கீழே விட்டார்.

"கோழி எங்கே?" என்று கேட்டார்.

கோழி முசே அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இதில் எனக்கு வந்த கோபம் வேறு. கடைத்தெருவில் ஆளாளுக்கு, "சைவம் தின்னா இப்படித்தான் ஆகும், பாவம் கோழி" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை. எங்கள் தாத்தா எண்பது தாண்டியும் கிணற்றில் நீர் இறைத்தவர். சைவத்துக்கு வந்த இந்தப் பழியை நான் பொறுத்துக்கொள்வதா?

செய்தி மணக்கிற இடத்துக்கு வியாபாரி வருவான். தொப்பி வைத்த ஏஜண்ட் ஒருவன் பெட்டியோடு வந்து இறங்கினான். பெட்டிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு ஊசி. சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் ஒரு குட்டி மாத்திரையைச் செலுத்தினால், அதிலிருக்கிற ஹார்மோன் வேலை செய்து, சேவல் தான் சேவல் என்பதையே மறந்து சாதுவாக உட்கார்ந்து கொழுக்குமாம். பெரியவர்கள் இரண்டு பேர் தலையாட்டவும் தொடங்கிவிட்டார்கள்.

கோழி முசே யோசித்தார். "மாத்திரை கரைஞ்சு போகுமா?"

"மிச்சம் இருந்தா கழுத்துலதான் இருக்கும். வெட்டும்போது கழுத்தை எறிஞ்சிடலாம்" என்றான் ஏஜண்ட்.

"கழுத்தையா? எறியறதா?" முசேக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏய், கோழிக் கழுத்துன்னா காசிம் பாய்க்கு உசுரு! இந்த ஊருல கழுத்தை எறியற வீடு எது, காட்டு! நாடு சுதந்திரம் வாங்கற அன்னிக்கு, நான் என் ஜனத்துக்குத் தன்னையே மறந்துபோன சேவலைப் போடறதா?"

ஏஜண்ட் பெட்டியை மூடுவதற்குள் அவர் அவனைப் பஸ் நிறுத்தம் வரை துரத்திவிட்டார். பஸ்ஸை ஓட்டி வந்தது என் வீட்டுக்காரர்தான். அவனை ஏற்றிக்கொண்டதற்காக முசே அவரோடும் சில நாள் பேசவில்லை.

துரத்தியாகிவிட்டது. கோழி வளர வேண்டுமே! நான்தான் என் வீட்டுக்காரரிடம் சொல்லி, விவசாய ஆபீஸிலிருந்து ரெமி என்ற இளைஞரை வரவழைத்தேன். ரெமியின் பாட்டனார் புதுச்சேரித் தச்சர். ரெமிக்குத் தமிழில் 'வணக்கம்' மட்டும் தெரியும், அதையும் போகும்போதுதான் சொல்வார். அவர் ஒரு கோழியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுக் கிரியோலில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"கோழி வயிற்றுக்காக மட்டும் தின்னாது. சதை கட்டுகிற சத்துக்காகத் தின்னும். சோளத்தில் அது குறைச்சல். அதனால் கிடைக்கும் கிடைக்கும் என்று தின்றுகொண்டே இருக்கிறது. மிஞ்சினது வயிற்றில் கொழுப்பாய்த் தங்குகிறது. கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் ஹார்மோன் அடுப்பு ஊதுகிற ஆள் மாதிரி. மிச்சத்தை எரிக்க அது ஊதி ஊதி உடம்பு சூடாகிறது, அதனால்தான் இந்த இரைப்பு. அந்த மாத்திரையும் கொழுப்பைத்தான் கூட்டியிருக்கும். துரத்தினது நல்லதாய்ப் போயிற்று."

கேட்டதும் எங்கள் சித்தப்பாவின் தொந்தி எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மனிதர் சோறும் ஊறுகாயுமாகவே காலம் தள்ளியவர்.

"அப்படியானால் மீன் தூளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார் ரெமி.

"முடியாது" என்றார் முசே. "முருகனுக்குச் சொன்னது சொன்னதுதான்." குரல் உறுதியாக இருந்தது, கண் கலங்கியிருந்தது. கோழிக்காக வேண்டிய வேண்டுதலே கோழியைக் கொல்கிறது. விரதத்தை உடைத்தால் சாமி குற்றம், உடைக்காவிட்டால் ஊர்க் குற்றம்.

நான் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். ஆமாம், கொட்டகைக்குள்ளேயே போனேன். "ஏன், மீனில்தான் அந்தச் சத்து இருக்கிறதா? பருப்பில் இல்லையா? பிண்ணாக்கில் இல்லையா? நாங்கள் எல்லாம் எதைத் தின்று இத்தனை தலைமுறை வளர்ந்தோம்?" என்று ரெமியைக் கேட்டேன்.

ரெமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இருக்கிறது மதாம். பருப்பு, கடலைப் பிண்ணாக்கு. பருப்பில் இல்லாத ஒரு சத்து எள்ளில் இருக்கிறது, அதையும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஆனால் உப்பு மட்டும் கூடவே கூடாது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் விரதச் சமையலுக்குப் பக்கத்தில் உப்பில்லாத பருப்பு ஒரு பானை வெந்தது. வீடு வீடாகப் போய் அதை வாங்கி வந்தது நான். எள்ளை இடித்தது நான். கொட்டகையில் போய் வைத்ததும் நானேதான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, "கழுவு, கழுவு! தோல் உரியற மட்டும் கழுவு!" என்று சிரிப்பார்.

காவடி அன்று அவர் நாக்கில் வேல் குத்தியிருந்தார்கள். அவர் பேசாமல் இருந்து ஊர் பார்த்த ஒரே நாள். தோளில் எலுமிச்சையும் பூவுமாய்க் காவடி, முகத்தில் அப்படி ஒரு பக்தி. நான் பாதையோரம் நின்று அவர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். சாமி நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. ஒரு கையைக் காவடியிலிருந்து எடுத்து, விரல்களைக் குவித்து, கொத்துவது போலக் காற்றில் ஆட்டிக் காட்டியது. 'கோழிக்குப் போட்டியா?' நான் தலையாட்டினேன். சாமி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு மலைப் படியேறப் போனது.

விரதம் முடிந்ததும் மீன் தூள் திரும்பி வந்தது. அடக்கி வைத்த உடம்பு, சத்து கிடைத்ததும் விட்ட இடத்தைப் பிடிக்க ஓடும், வளர்க்கிற ஹார்மோனும் கூட ஓடும் என்று ரெமி சொன்னார். "ஆனால் எல்லா நேரமும் பிடித்துவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்" என்றும் சொன்னார். கோழி முசே அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கவே இல்லை. காலையிலும் மாலையிலும் கொட்டகை வாசலில் நின்று, "அலே! அலே!" என்று கோழிகளை ஓட்டப்பந்தயத்துக்கு விரட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். கோழிகள் ஓடத்தான் செய்தன. கத்தி முனை மறைந்தது. தொங்கின வயிறு ஏறிற்று. மார்பு திரண்டது. நானே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, 'பரவாயில்லையே' என்று முணுமுணுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பந்தல் போட்ட அன்று காசிம் பாய் வந்தார். ஊர் முழுக்கக் கொட்டகை வாசலில். அவர் ஒரு கோழியைத் தூக்கினார். கீழே வைக்கவில்லை. இன்னொரு கைக்கு மாற்றினார். கோழி முசே கோட்டுப் பொத்தானைத் திருகித் திருகி அது கையோடு வந்துவிட்டது.

"தேக்கைக் கழுவுங்க" என்றார் காசிம் பாய்.

மறுநாள் ரேடியோவில் தலைநகரத்தில் கொடி ஏறுகிற சத்தம் கேட்டது. எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்திலும் நாலு நிறக் கொடி ஏறியது. பந்தலுக்குள் ஒரே வரிசையில் ஊர் உட்கார்ந்தது. சாயங்காலமானால் கதவைச் சாத்திய வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குக் கர்வம் தாங்கவில்லை. நான் பிறந்த நாடு இல்லை. ஆனாலும் அன்றைக்கு அது என் நாடு.

கோழி முசே பொத்தான் இல்லாத கோட்டோடு பெண்ணைப் பெற்றவர் மாதிரி பந்திக்குப் பந்தி ஓடினார். "சாப்புடு! இது கரேம் இருந்த கோழி! பாதிரியாரே, இன்னொரு துண்டு!" கோழி வளர்ந்தது முருகனால் என்று அவர் சொன்னார். பருப்பிலும் எள்ளிலும் இருந்த சத்தால் என்று ரெமி சொன்னார். சைவத்தால் என்று நான் சொன்னேன். மூன்று பேருக்கும் பெருமை போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசிப் பந்தி எழுந்தபோது காசிம் பாய் தேக்கைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒட்டின சோறு மட்டும். அப்போதுதான் கோழி முசேயைப் பார்த்தேன். பந்தல் கம்பில் சாய்ந்து, காலி அண்டாவைப் பார்த்தபடி நின்றிருந்தார். "பாரு தங்காச்சி, நாரியென்! ஒண்ணும் இல்ல! எல்லாரும் தின்னுட்டாங்க!" என்றார். அத்தனை சந்தோஷத்திலும் வயிறு ஒட்டிப் போயிருந்தது. காலையிலிருந்து மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

நான் முந்தானைக்குள் மூடி வைத்திருந்த தட்டை நீட்டினேன். முதல் பந்தியிலேயே, யாரும் பார்க்காதபோது, என் கையாலேயே தேக்கிலிருந்து எடுத்து ஒளித்து வைத்த கோழித்தொடை.

அவர் தட்டைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். என்றைக்கும் கேட்கிற அந்தக் கேள்வியை அன்று கேட்கவில்லை. ஒரு வாய் கடித்து, கண்ணை மூடி மென்று, "உப்பு சரியா இருக்கு தங்காச்சி" என்றார்.

அந்தக் கையை அன்று நான் கழுவவில்லை.